சூடானால் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்கு விழுகிறது: இன்ஜினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1990களில் வந்த மஹிந்திரா டீசல் ஜீப். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் முள் பாதிக்கு மேல் ஏறி நிற்கிறது. ஒரு மணி நேரம் ஓடி இன்ஜின் சூடான பிறகு, ஸ்லோவில் நிற்கும்போது பூஜ்யத்துக்கு வந்து படுத்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் எழுகிறது. இரவில் ஹெட்லைட் போட்டால் முள் லேசாக இடம் மாறுகிறது. பட்டறையில் காட்டினால், "பேரிங் தேஞ்சிருச்சு, இன்ஜினை இறக்கி கிராங்க் கிரைண்டிங் போடணும்" என்கிறார்கள். கோளாறு மீட்டரிலா, இன்ஜினிலா என்று கேட்கிறீர்கள்.

இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சூடானதும் முள் விழுவது பேரிங் தேய்மானத்துக்கு உரிய அடையாளம்தான். ஹெட்லைட் போட்டால் முள் நகர்வது வயரிங் கோளாறுக்கு உரிய அடையாளம். இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்தே இருக்கவும் கூடும். அதனால் டேஷ்போர்டு முள்ளை ஓரமாக வைத்துவிட்டு, இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு டயல் கேஜை நேரடியாக மாட்டி உண்மையான பிரஷர் எவ்வளவு என்று அளக்க வேண்டும். பெரிய வேலை இல்லை. இன்ஜின் சூடேறும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அந்த அளவு கைக்கு வரும்வரை புது சென்டர் (இன்ஜினில் பிரஷரை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் உறுப்பு) வாங்காதீர்கள், இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியை ஓட்டாதீர்கள்.

ஓட்ட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட், பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்கே வரும் இடைவெளியில், ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. பிரஷர் உண்மையிலேயே போய்விட்டால் அந்தப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். லோடு ஏற்றி மேட்டில் ஏறும் வண்டிக்குச் சில நிமிடங்கள் போதும். பேரிங் ஷாஃப்டோடு ஒட்டிக்கொள்ளும், கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு கிரைண்டிங் பேச்சே இல்லை, வேறு இன்ஜின்தான் தேட வேண்டும். "மீட்டர் எப்பவும் இப்படித்தான் காட்டும்" என்று சொல்லி ஓட்டி இன்ஜினை இழந்தவர்கள் நிறையப் பேர். பட்டறை தூரம் என்றால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போங்கள், அல்லது மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதியை வாசலிலேயே செய்துவிடலாம்.

அளக்கப் போகும் முன் பிரஷர் எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருந்தால் அளவைப் படிப்பது எளிது. ஆயில் பம்ப் பிரஷரைத் தயாரிப்பதில்லை. இன்ஜின் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ஆயிலைத் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. அந்த ஆயில் பேரிங் இடுக்குகள் வழியாக வெளியேறத் திணறுகிறதே, அந்தத் திணறல்தான் பிரஷர். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீறிடுவதும், விரலை எடுத்தால் சோர்ந்து வழிவதும் இதே கணக்கு. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது இடுக்கில் நுழையக் கஷ்டப்படும், பிரஷர் அதிகம். சூடாகி இளகியதும் சுலபமாக வழிந்து ஓடும், பிரஷர் குறையும். ஸ்லோவில் பம்பும் மெதுவாகச் சுற்றுவதால் இன்னும் குறையும். ஆகவே சூடான இன்ஜின் ஸ்லோவில் குறைவாகக் காட்டுவது நல்ல இன்ஜினிலும் நடப்பதே. காலையில் காட்டிய இடத்திலேயே நாள் முழுக்க முள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி.

முதல் வேலை டிப் ஸ்டிக், அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் ஆற விட்டு உருவிப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் காரணம் அங்கேயே கிடைத்திருக்கலாம். நீங்கள் ஊற்றாமலேயே மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் கவலைக்குரியது. டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் டயாப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) கிழிந்து, டீசல் சம்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்குகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வழுவழுப்பே இல்லாமல் தண்ணியாக ஓடி, டீசல் வாடை தூக்கினால் சந்தேகம் வேண்டாம். வாடை பிடிபடாவிட்டால் மை உறிஞ்சும் தாளில் ஒரு சொட்டு விட்டு அரை நாள் வையுங்கள். டீசல் கலந்த ஆயில் நடுவில் கறுத்து, சுற்றிலும் அகலமான வெளிறிய வளையமாகப் பரவும். டீசல் கலந்த ஆயில் காலையில் நன்றாகவே பிரஷர் காட்டும், சூடானதும் விழுந்துவிடும். உங்கள் அறிகுறியும் அதுவே என்பதால் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். லிஃப்ட் பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியதோடு தீர்ந்துபோகிற கோளாறுக்காக இன்ஜினை இறக்கிய கதைகள் உண்டு.

ஆயில் மூடியின் உட்பக்கம் வெண்மையாகக் குழம்பி ஒட்டியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கக்கூடும். அப்படியென்றால் அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் விவகாரம், தனியாகப் பார்க்க வேண்டும். கடைசியாக ஆயில் மாற்றிய பிறகுதான் இது தொடங்கியதா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் ஊற்றிய ஆயிலின் கிரேடு, மாட்டிய ஃபில்டர் இரண்டும் சந்தேகத்துக்கு உரியவை. இந்த வயது டீசல் இன்ஜின்களுக்குப் பொதுவாக 15டபிள்யூ-40 ஊற்றுவார்கள். உங்கள் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

இனி மின்சாரப் பக்கம். உங்கள் வண்டியில் இருப்பது எலக்ட்ரிக் மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். பிளாக்கில் ஒரு சென்டர், அதிலிருந்து டேஷ்போர்டுக்கு ஒரே ஒரு வயர். சென்டருக்குள் ஒரு டயாப்ரம். ஆயில் அதை அழுத்த அழுத்த, ஒரு சிறு கை ரெசிஸ்டன்ஸ் கம்பியின் மேல் நகரும். சென்டரின் உடம்பே இன்ஜின் வழியாக எர்த். எவ்வளவு ஓம் ரெசிஸ்டன்ஸ் என்பதை வைத்து முள் நகரும்.

இங்கேதான் பல பட்டறைகளில் குழப்பம் தொடங்குகிறது. "சென்டர் வயரைக் கழற்றி எர்த்தில் தொடு, முள் முழுசாக ஏறினால் மீட்டர் நல்லது" என்று ஒரு சோதனை காலங்காலமாகப் புழங்குகிறது. அது பாதி வண்டிகளுக்குத்தான் பொருந்தும். ஏனென்றால் மீட்டர்களில் இரண்டு குடும்பம் உண்டு. அமெரிக்க வழியில் வந்தவற்றில் பிரஷர் இல்லாதபோது சென்டர் சுமார் 240 ஓம், முழுப் பிரஷரில் சுமார் 33 ஓம். விடிஓ போன்ற ஐரோப்பிய வழியில் இது அப்படியே தலைகீழ்: பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழுப் பிரஷரில் 180 ஓம் அளவில். முதல் குடும்பத்தில் வயரை எர்த்தில் தொட்டால் முள் உச்சிக்குப் போகும், வயர் அறுந்தால் பூஜ்யத்தில் கிடக்கும். இரண்டாவது குடும்பத்தில் எர்த்தில் தொட்டால் முள் பூஜ்யம், வயர் அறுந்தால் உச்சி. எந்தக் குடும்பம் என்று தெரியாமல் செய்த சோதனையால் நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இதிலிருந்து இன்னொரு முக்கியமான விஷயம் கிளம்புகிறது. துருவோ பெயின்டோ சேர்ந்து எர்த் மோசமாகும்போது வழியில் ரெசிஸ்டன்ஸ் கூடுகிறது. அமெரிக்க வழி மீட்டர் அப்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வீண் பயம், அவ்வளவுதான். ஐரோப்பிய வழி மீட்டரோ உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இன்ஜினில் பிரஷர் செத்துக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் முள் நிம்மதியாக நடுவில் நிற்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் தங்கள் மீட்டர் எந்தக் குடும்பம் என்று ஒருமுறையாவது பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் ஆஃப், சாவி ஆஃப். சென்டர் வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனை சென்டர் டெர்மினலில், மறு முனை சென்டரின் உடம்பில். 240 பக்கத்தில் காட்டினால் முதல் குடும்பம், 10 பக்கத்தில் காட்டினால் இரண்டாவது. இரண்டும் இல்லாமல் திறந்த சர்க்யூட்டாகக் காட்டினால் சென்டர் செத்துவிட்டது. ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் நீங்கள் தொட்டிருப்பது சென்டராக இல்லாமல் எச்சரிக்கை விளக்கின் ஸ்விட்ச்சாக இருக்கலாம். அந்த ஸ்விட்ச் நல்லதாக இருந்தால் இன்ஜின் நிற்கும்போது மூடியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் 5 முதல் 7 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்குப் பவுண்ட் கணக்கு) திறந்து விளக்கு அணையும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து மீட்டர். எலக்ட்ரானிக் கடையில் (சென்னை என்றால் ரிச்சி தெருவில்) 100 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய சென்டர் வயருக்கும் இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதிக்கும் நடுவில் அதைப் பிடித்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். 100 ஓம் என்பது இரண்டு குடும்பத்திலும் அளவுகோலின் நடுப்பகுதிக்கு வரும். ஆகவே எந்த மீட்டராக இருந்தாலும் முள் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்க வேண்டும். உள்ளே பைமெட்டல் தகடு சூடேறி வளையும் வகை மீட்டர்கள் மெதுவாகத்தான் ஏறும், அரை நிமிடம் பொறுங்கள். நடுவில் நின்றால் மீட்டரும் வயரும் நல்லவை. நிற்காவிட்டால் அதே ரெசிஸ்டரை மீட்டரின் பின்பக்க டெர்மினலிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே சரியாகக் காட்டினால் நடுவில் வயர் எங்கோ நைந்திருக்கிறது. ஜீப்பில் அது பெரும்பாலும் ஃபயர் வால் (இன்ஜினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் வளையம் போன இடத்திலோ, எக்ஸாஸ்ட் பக்கம் உருகிய இடத்திலோ இருக்கும்.

டெம்பரேச்சர், டீசல் மீட்டர்களும் கூடவே கோணலாகக் காட்டுகின்றனவா என்று கவனியுங்கள். எல்லாம் சேர்ந்து கோணினால் சென்டரை விட்டுவிட்டுப் பொதுவான இடத்தைத் தேடுங்கள்: ஃப்யூஸ், மீட்டர் பெட்டியின் எர்த், இருந்தால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பிரிட்டிஷ் வடிவமைப்பைத் தழுவிய பழைய வண்டிகளில் மீட்டர்களுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. ஒரு சிறு பெட்டி அதைச் சராசரி 10 வோல்ட்டாகக் குறைத்துத் தரும். அது கெட்டால் எல்லா முள்ளும் ஒரே திசையில் பொய் சொல்லும்.

உங்கள் ஹெட்லைட் விஷயத்துக்கு வருகிறேன். விளக்குப் போட்டால் முள் நகர்கிறது என்றால் எர்த் பக்கத்தில் பலவீனம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. (இந்த ஓரிரு நிமிட ஓட்டத்தைக் குளிர்ந்த இன்ஜினில், முள் பாதியில் நிற்கும்போதே செய்துவிடுங்கள்.) அடுத்து பாடிக்கும் நெகட்டிவ் முளைக்கும் இடையிலும் அதேபோல் பாருங்கள். இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று இருக்கும். பெயின்ட் அடித்த சேஸிஸின் மேலேயே அதைப் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். வெளியே பார்க்க இறுக்கமாக இருக்கும், கழற்றிப் பார்த்தால் காது முழுக்கப் பச்சை பூத்திருக்கும். இரண்டு முனையையும் உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பட்டை நைந்திருந்தால் புதிது போடுங்கள், செலவு பெரிதில்லை.

எர்த்தைச் சரிசெய்ததும் முள் நிமிர்ந்துவிட்டால் "தீர்ந்தது" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துவிடாதீர்கள். நேரடி அளவை எப்படியும் எடுங்கள். மேலே சொன்னதெல்லாம் மீட்டர் நம்பகமானதா என்பதற்குத்தான் பதில். இன்ஜின் நலமா என்பதற்கு இல்லை.

நேரடி அளவுக்குத் தேவை 0 முதல் 7 அல்லது 10 கிலோ வரை காட்டும் டயல் கேஜ், ஆயில் தாங்கும் ஹைட்ராலிக் ஹோஸ், சென்டர் துளையின் மரைக்குப் பொருந்தும் ஒரு அடாப்டர். (பட்டறையில் "ரெண்டு கிலோ, மூணு கிலோ" என்பது சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கு, 1 கிலோ என்றால் சுமார் 14 பி.எஸ்.ஐ.) அடாப்டர் கடையில் கிடைக்காவிட்டால் பழைய சென்டரை லேத் பட்டறையில் கொடுத்து அந்த மரைக்கே கடைந்து வாங்கலாம். தோட்டத்துப் பிளாஸ்டிக் குழாய், பெட்ரோல் டியூப் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சூடான ஆயில் பிரஷரோடு பிய்த்துக்கொண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் பீச்சினால் தீப்பிடிக்கும்.

சென்டரைக் கழற்றும்போது அதன் தகர டப்பாவைப் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருகக் கூடாது; அடியில் இருக்கும் ஆறு பட்டை நட்டில் மட்டுமே ஸ்பானர். கழற்றியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டப்பாவும் அடிப்பாகமும் மடித்து இணைந்த விளிம்பில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா, டெர்மினலைச் சுற்றி ஆயில் பூத்திருக்கிறதா? இருந்தால் உள்ளே டயாப்ரம் கிழிந்துவிட்டது. அந்த சென்டரைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒருநாள் முழுசாகப் பிய்த்துக்கொண்டால் சம்பில் இருக்கும் ஆயில் அத்தனையும் அந்த வழியாகவே ரோட்டுக்குப் போய்விடும். துளைக்குள் கசடு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் பிரஷர் இருந்தும் சென்டருக்கு வந்து சேராது, முள் சோம்பலாக ஏறும்.

கேஜை மாட்டி, ஹோஸ் ஃபேனிலும் எக்ஸாஸ்டிலும் படாமல் கட்டி, ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து விநாடிக்குள் முள் எழாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். எழுந்தால், டெம்பரேச்சர் வழக்கமான இடத்துக்கு வரும்வரை ஓடவிடுங்கள். தண்ணீர் சூடானாலும் ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் ஒரு பதினைந்து இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ரேஸ் பண்ணியும் விட்டும் இன்ஜினை ஓடவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கோளாறே சூட்டில்தான் வருகிறது. இடையில் எந்த நேரத்திலாவது கேஜ் பூஜ்யத்தை நெருங்கினாலோ, அடியிலிருந்து கட்டக் கட்டவென்று கனத்த சத்தம் வந்தாலோ அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், அணைத்துவிடுங்கள், விடை கிடைத்துவிட்டது. பிறகு ஸ்லோவில் ஒன்று, நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஒன்று, 3000 பக்கத்தில் ஒன்று என்று மூன்று அளவு குறித்துக்கொள்ளுங்கள். போனில் டயலைப் படம் எடுத்துவைத்தால் பட்டறையில் வாக்குவாதம் மிச்சம்.

பொதுவான கணக்கு: ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ., அதாவது 0.7 கிலோ. சூடான ஸ்லோவில் 0.7 கிலோவுக்கு மேல், 2000 சுற்றில் 1.5 கிலோவைத் தாண்டி, நெடுஞ்சாலை வேகத்தில் 2.5 முதல் 4 கிலோ என்று வந்தால் பழைய டீசல் இன்ஜினுக்கு அது ஆரோக்கியம். உங்கள் இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி.

இந்த அளவுகள் வந்துவிட்டால் இன்ஜினைத் தொட விடாதீர்கள். சரியான குடும்பத்து சென்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வேறு குடும்பத்து சென்டரை மாட்டிவிட்டால் ரேஸ் பண்ணும்போது முள் இறங்கும், விட்டால் ஏறும். அப்படி ஒரு வினோதம் கண்டால் காரணம் இதுதான். டெஃப்லான் டேப்பை மரையில் பட்டை பட்டையாகச் சுற்றாதீர்கள். சென்டருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப் அதைக் கெடுக்கலாம், பிய்ந்த துணுக்கு ஆயில் வழிக்குள்ளும் போகலாம். வேண்டுமென்றால் துளி சீலன்ட், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு.

ஸ்லோவில் 0.4, 0.5 கிலோ, ஆனால் மிதித்தால் ஒழுங்காக 3 கிலோவுக்கு ஏறுகிறது என்றால் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் நாளைக்கே இறக்க வேண்டிய அவசரம் இல்லை என்பது என் கருத்து. நல்ல ஆயில், நல்ல ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடும் முன் வெட்டிப் பாருங்கள். எலிமென்ட் வகை என்றால் நேரடியாக மடிப்பைப் பிரிக்கலாம். டப்பா வகை என்றால் ஹேக்ஸா வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும், தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். காகித மடிப்புகளை வெயிலில் விரித்தால், தேயும் பேரிங் தன் கதையை அங்கே எழுதியிருக்கும். காந்தத்தில் ஒட்டாத சாம்பல் நிற மினுக்கு லேசாக இருந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போகிறது. செம்பு நிறத் துகள் தெரிந்தால் பூச்சு போய் அடுத்த அடுக்கு தேய்கிறது. அப்போது பட்டறைக்காரர் சொல்வது சரி, தள்ளிப்போடாதீர்கள். மடிப்பில் கறுப்புக் கசடு தவிர எதுவும் இல்லையென்றால் பேரிங்கைக் குற்றம் சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை.

எல்லா வேகத்திலும் குறைவு, மிதித்தாலும் ஏற மறுக்கிறது என்றால் பேரிங்கைவிட வேறு இரண்டு இடங்களை முதலில் சந்தேகிப்பேன். ஒன்று ரிலீஃப் வால்வு. பிரஷர் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்பிரிங் வால்வு இது. சில இன்ஜின்களில் பிளாக்கின் வெளியிலிருந்தே ஒரு பிளக்கைக் கழற்றி எடுத்துவிடலாம், சிலவற்றில் பம்போடு உள்ளே இருக்கும். பிளஞ்சரில் கீறல் விழுந்தோ, தூசு மாட்டியோ திறந்தபடியே சிக்கிக்கொண்டால் பிரஷர் தலைதூக்காது. ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து முள்ளைத் தூக்கிக் காட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிலீஃப் வால்வு தீர்மானிப்பது உச்ச வரம்பை மட்டுமே. ஸ்லோவில் விழும் பிரஷரை வாஷர் ஒரு துளியும் கூட்டாது, காலையில் குளிர்ந்த ஆயிலில் மட்டும் பிரஷர் எகிறி ஃபில்டர் சீலைப் பிதுக்கும்.

இன்னொன்று சம்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர், பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள வலை. கசடு அடைத்தது ஒரு பக்கம். அதைவிட மோசம், முன்பு சம்ப் மாட்டியவர் தாராளமாகத் தடவிய கேஸ்கெட் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, இழை இழையாகப் பிரிந்து வலையில் போய் உட்கார்ந்திருப்பது. பல வண்டிகளில் இன்ஜினை இறக்காமலேயே சம்பைக் கழற்றிவிடலாம். கழற்றினால் ஸ்ட்ரெய்னர், பம்ப் பற்களின் தேய்மானம், ஏதாவது ஒரு மெயின் பேரிங் மூடி, ஒரு பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் முனை) மூடி எல்லாவற்றையும் கீழிருந்தே பார்த்துவிடலாம். பேரிங் ஓட்டின் முகம் சீரான சாம்பல் நிறமாக இருக்கிறதா, கீறி செம்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு "இறக்கலாம்" என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: "அண்ணே, முதல்ல டயல் கேஜ் மாட்டி அளந்து காட்டுங்க, குறைஞ்சா சம்பைக் கழட்டி பேரிங்கைக் காட்டுங்க, அப்புறம் இறக்குறதைப் பத்திப் பேசலாம்." நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மலை ஓட்டம் உண்டென்று எழுதியிருந்தீர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவது போன்ற கல் ரோட்டில் முதல் கியரில், குறைந்த சுற்றில், காற்றோட்டமே இல்லாமல் நெடுநேரம் போகும்போது ஆயில் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடாகும். சமதரையில் 1 கிலோ காட்டும் இன்ஜின் அங்கே அதற்கும் கீழே காட்டினால் உடனே பதற வேண்டாம். ஆனால் செங்குத்தில் மட்டும் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சமமான இடம் வந்ததும் எழுந்தால், சரிவில் ஆயில் சம்பின் ஒரு பக்கம் ஒதுங்கி ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது. மட்டம் கீழ்க் கோட்டில் இருக்கிற வண்டிக்கு இது வரும். மலைக்கு ஏறும் முன் மேல் கோடு வரை ஊற்றிக்கொள்ளுங்கள். மட்டம் சரியாக இருந்தும் விழுந்தால் ஸ்ட்ரெய்னர் குழாய் தளர்ந்திருக்கலாம்.

இன்னும் பழைய வில்லிஸ் வழி ஜீப் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் இருப்பது மெக்கானிக்கல் மீட்டர். பிளாக்கிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் வழியாக ஆயிலே டேஷ்போர்டு வரை வந்து, வளைந்த ஒரு குழலை நிமிர்த்தி முள்ளை நகர்த்தும். யூஜின் பூர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு; உங்கள் டயல் கேஜுக்குள் இருப்பதும் அதுவே. அதில் வயர், எர்த் தொல்லை கிடையாது. கோளாறு என்றால் குழாய் நசுங்கியிருக்கும், அடைத்திருக்கும், அல்லது கிளிப் பிடிக்கும் இடத்தில் அதிர்வால் வெடித்திருக்கும். புதுக் குழாய் போடும்போது இன்ஜின் பக்கம் ஒரு சுருள் விட்டு மாட்டினால் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் ரெசிஸ்டர் சோதனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று வயர் சென்சார் என்றால் அது 5 வோல்ட்டில் கம்ப்யூட்டரோடு பேசுவது. அங்கே வயரை எர்த்தில் தொட்டு விளையாடினால் செலவு வேறு இடத்தில் வரும். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். மீட்டர் இருப்பதாலேயே அது அளக்கிறது என்றும் நம்ப வேண்டாம். மாஸ்டா மியாட்டா காரில் 1995 முதல் வந்த ஆயில் பிரஷர் மீட்டர் உண்மையில் ஒரு ஸ்விட்ச்சின் மேல் ஓடுவது. குறைந்தபட்சப் பிரஷர் இருந்தாலே முள் நடுவில் போய் நின்றுவிடும். ஃபோர்டின் பழைய பிக்கப்களிலும் இதே ஏற்பாடு உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் முள் நடுவில் நிற்பதற்கு, சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதைத் தாண்டி அர்த்தமே இல்லை.

அளவு நல்லபடியாக வந்து வண்டியை மறுபடி ஓட்டத் தொடங்கும்போது, சென்டர் துளையில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு, ஒரு வாயில் சென்டரையும் மறு வாயில் எச்சரிக்கை விளக்கு ஸ்விட்ச்சையும் மாட்டச் சொல்லுங்கள். ஜாயின்ட் பித்தளையாக இருக்கட்டும். நீளமாகத் துருத்திக்கொண்டு அதிர்ந்தால் கழுத்தில் உடையும் என்பதால் பிளாக்கோடு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். ஸ்விட்ச்சோடு விளக்கு மட்டுமில்லாமல் ஒரு பஸரும் சேருங்கள். கல் ரோட்டில் கண் சக்கரத்தின் மேல்தான் இருக்கும், மீட்டரின் மேல் இருக்காது. டயலில் எடுத்த மூன்று அளவுகளையும், தேதியையும், அன்று ஊற்றிய ஆயிலின் கிரேடையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதே கேஜை மாட்டி எடுத்த எண்களோடு இங்கே எழுதினால், சேர்ந்து பார்க்கலாம்.